21 நாள் ஊசி

சின்னக் கண்ணாடிக் குப்பி, அதன் அடியில் கொஞ்சம் வெள்ளைத் தூள். ஊசிக்கான நீரை விட்டுக் குலுக்கினால் பால் நிறத்தில் கெட்டியாகக் கலங்கும். மருந்தின் பெயர் பென்சத்தீன் பென்சிலின். தமிழ்நாட்டு நோயாளிகள் அந்தப் பெயரைச் சொல்வது அபூர்வம். பழைய விற்பனைப் பெயரை வைத்து ‘பெனிடியூர்’ என்பார்கள், இல்லாவிட்டால் ‘21 நாள் ஊசி’ என்பார்கள். பத்து வயதில் தொடங்கி நாற்பது வயதுவரை மூன்று வாரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொள்ள வேண்டியவர்களும் உண்டு. கணக்குப் பார்த்தால் ஐந்நூறு ஊசிக்கு மேல் வரும்.

ஊசியைக் கண்டு நோயாளி பயப்படுவதில் வியப்பில்லை. வலி அப்படி. போடுகிறவர்களும் பயப்படுவதுதான் சிக்கல். “பென்சிலினா? இங்கே போட மாட்டோம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று திருப்பி அனுப்பும் கிளினிக்குகள் இருக்கின்றன. போட்ட ஐந்தாவது நிமிடம் நோயாளி மேசையிலேயே சாய்ந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அது. முழுக்கப் பொய்யான அச்சமும் இல்லை. ஆனால், எதற்கு அஞ்ச வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ அஞ்சுகிறோம் என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன.

முதலில், இந்த ஊசி ஏன் என்று பார்க்கலாம். தொடக்கம் சாதாரணத் தொண்டை வலிதான். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸ் என்ற பாக்டீரியா தொண்டையில் தொற்றும். சில நாளில் வலி தானாகவே போய்விடும். வீட்டில் எல்லோரும் அதை மறந்த பிறகு, இரண்டு மூன்று வாரம் கழித்து, சில குழந்தைகளுக்கு மூட்டு வீங்கும். இன்று முழங்கால், நாளை கணுக்கால், மறுநாள் மணிக்கட்டு என்று வீக்கம் இடம் மாறும். கூடவே காய்ச்சல். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடலின் பாதுகாப்புப் படை, சொந்தத் திசுக்களையும் எதிரியாக எண்ணித் தாக்குவதன் விளைவு. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் வரும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டை வலி வந்த எல்லோருக்கும் வருவதில்லை. சிகிச்சை எடுக்காதவர்களிலும் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் வருவது அரிது.

மூட்டு வீக்கம் வடு வைக்காமல் போய்விடும். இதயம் அப்படியல்ல. இடது பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே கதவாக இருக்கும் மைட்ரல் வால்வு வீங்கி, தழும்பேறி, கசியத் தொடங்கும் அல்லது சுருங்கிப்போகும். ஒவ்வொரு முறை தொண்டைத் தொற்று திரும்பும்போதும் காய்ச்சல் மீண்டும் வரலாம்; ஒவ்வொரு காய்ச்சலும் வால்வில் இன்னும் கொஞ்சம் சேதம் செய்யும். ஆகவே சிகிச்சையின் நோக்கம் வந்த நோயைக் குணப்படுத்துவது மட்டுமல்ல, அடுத்த தொற்றை வரவிடாமல் தடுப்பது. ஊசி பல ஆண்டுகள் நீள்வது இதனால்தான். இதயம் பாதிக்கப்படாதவருக்குக் குறைந்தது ஐந்து ஆண்டுகள். வால்வு கெட்டவருக்கு நாற்பது வயதுவரை, சிலருக்கு ஆயுள் முழுதும்.

இது தமிழ்நாட்டுக்குத் தெரியாத நோய் அல்ல. சுருங்கிய மைட்ரல் வால்வை, துடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள் விரலையோ விரிக்கும் கருவியையோ நுழைத்துத் திறந்துவிடும் அறுவை சிகிச்சையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு உலக அளவில் பெயர் உண்டு. ஸ்டான்லி ஜானும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட கட்டுரையில், அப்படிச் சிகிச்சை பெற்ற 3,724 பேரின் விவரங்களைத் தொகுத்திருந்தார்கள். ஒரே மருத்துவமனையில் இத்தனை பேர்! அதே வேலூரின் சுற்றுப்புறக் கிராமப் பள்ளிகளில் 2001-02இல் 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளைப் பரிசோதித்தபோது ஆயிரத்துக்கு 0.68 பேருக்குத்தான் இந்த இதய நோய் இருந்தது. நோய் குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. உலகளவில் இன்றும் ஆண்டுதோறும் மூன்று லட்சம் பேருக்கு மேல் இதனால் இறக்கிறார்கள்.

பென்சிலினால் இதைத் தடுக்க முடியும் என்பது முதலில் ராணுவ முகாமில்தான் உறுதியானது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் வாரன் விமானப்படைத் தளத்தில், 1949-50 வாக்கில், தொண்டை வலி வந்த இளம் வீரர்களுக்குப் பென்சிலின் கொடுத்துப் பார்த்தார்கள். ருமாட்டிக் காய்ச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றைய பென்சிலின் சில மணி நேரத்தில் சிறுநீரோடு வெளியேறிவிடும். பென்சத்தீன் என்ற பொருளோடு சேர்த்து உப்பாக்கியபோது மருந்தின் குணமே மாறியது. இந்தக் கூட்டுப்பொருள் நீரில் லேசில் கரையாது. தசைக்குள் செலுத்தினால் அங்கேயே தங்கி, ஆற்றுமணல் ஊற்றுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் சுரந்துகொண்டிருக்கும். ஜீன் ஸ்டோலர்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் 1952இல் இதை ருமாட்டிக் காய்ச்சல் நோயாளிகளுக்கு மாதம் ஒருமுறை பயன்படுத்தலாம் என்று எழுதினார். இன்றும் அதே மருந்துதான், ஏறக்குறைய அதே அளவுதான்: பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், எடை குறைந்த குழந்தைகளுக்கு 6 லட்சம். எழுபது ஆண்டுகளில் எத்தனையோ கிருமிகள் எத்தனையோ மருந்துகளை வென்றுவிட்டன. இந்தத் தொண்டைக் கிருமி மட்டும் பென்சிலினை வெல்லவில்லை.

மாத்திரை போதாதா என்று கேட்காத பெற்றோர் இருக்க முடியாது. பென்சிலின் மாத்திரை இருக்கிறது. தினம் இரண்டு வேளை, பல ஆண்டுகள். உடம்பு நன்றாக இருக்கும் குழந்தைக்கு அப்படித் தவறாமல் மாத்திரை கொடுத்துவருவது எவ்வளவு கஷ்டம் என்பது அந்தப் பெற்றோருக்கே தெரியும். ஊசி போட்டால் அந்தக் கவலை மூன்று வாரத்துக்கு இல்லை. தடுக்கும் திறனிலும் ஊசியே மேல். உலகின் பல வழிகாட்டுதல்கள் நான்கு வாரம் என்கின்றன. தொற்று மிகுந்த இடங்களில் நான்காவது வாரத்தில் மருந்தின் அளவு போதாமல் போகலாம் என்பதால் நம் ஊரில் 21 நாள் வழக்கத்தில் இருக்கிறது.

இனி அந்த அச்சத்துக்கு வருவோம். பென்சிலின் ஒவ்வாமையால் ஒருவர் இறந்த செய்தி மருத்துவ இதழ்களில் 1949இலேயே வந்துவிட்டது. உடல் முழுதும் தடிப்பு, தொண்டை இறுக்கம், இளைப்பு, ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் என்று நிமிடங்களில் முற்றும் இந்த நிலைக்கு ‘அனாஃபிலாக்ஸிஸ்’ என்று பெயர். இது எவ்வளவு அடிக்கடி நேர்கிறது? 11 நாடுகளில் 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளைக் கணக்கெடுத்த பன்னாட்டு ஆய்வு 1991இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஏதாவது ஒவ்வாமை காட்டியவர்கள் 57 பேர். பெரும்பாலும் அரிப்பு, தடிப்பு போன்றவை. அனாஃபிலாக்ஸிஸ் ஏற்பட்டது 4 பேருக்கு. இறந்தவர் ஒருவர். ஊசி ஒழுங்காகப் போட்டுக்கொண்டவர்களில் ருமாட்டிக் காய்ச்சல் திரும்பியது 0.45 சதவீதம் பேருக்கு. அடிக்கடி தவறவிட்டவர்களில் 11.5 சதவீதம் பேருக்கு. போடுவதன் ஆபத்தையும் போடாததன் ஆபத்தையும் ஒரே ஆய்வில் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

நம் ஊரில் இந்த அச்சத்துக்கு மருந்தாக இருப்பது ‘டெஸ்ட் டோஸ்’. முன்கையின் தோலில் துளியூண்டு மருந்து ஏற்றி, தடிப்பு வருகிறதா என்று சற்று நேரம் பார்ப்பது. இதைச் செய்வதில் தவறில்லை, பல மருத்துவமனைகளில் கட்டாயமும்கூட. ஆனால் பெனிடியூர்க் கலவையையே எடுத்து டெஸ்ட் செய்யக் கூடாது. அது கரையாத துகள். நீரில் கரையும் கிரிஸ்டலைன் பென்சிலினை நன்றாக நீர்த்துத்தான் செய்ய வேண்டும். அதைவிட முக்கியம், டெஸ்ட் சரியாக இருந்தால் ஆபத்தே இல்லை என்று பொருளில்லை. இருபது ஊசி பிரச்சினையில்லாமல் போட்டவருக்கு இருபத்தோராவதில் ஒவ்வாமை வரலாம். அரிதாக டெஸ்ட் டோஸே அனாஃபிலாக்ஸிஸைக் கிளப்பிவிடுவதும் உண்டு. “டெஸ்ட் டோஸ் போட்டாச்சு” என்று சீட்டில் எழுதிவிட்டு நோயாளியை உடனே வீட்டுக்கு அனுப்புவதைவிட, டெஸ்ட் இல்லாமலே அரை மணி நேரம் கண்ணெதிரே உட்காரவைப்பது எவ்வளவோ பாதுகாப்பானது.

இன்னொரு தப்பு எதிர்த் திசையில் நடக்கிறது. சிறுவயதில் ஏதோ ஊசிக்குப் பிறகு வாந்தி வந்தது, காய்ச்சலோடு தடிப்பு வந்தது, அம்மா ‘இவனுக்குப் பென்சிலின் ஆகாது’ என்று சொல்லிவைத்தார். அந்த முத்திரை ஆயுள் முழுக்க ஒட்டிக்கொள்கிறது. மேலை நாடுகளில் சுமார் பத்தில் ஒருவருக்கு இந்த முத்திரை உண்டு. அவர்களை முறையாகச் சோதித்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஒவ்வாமையே இல்லை. உண்மையான ஒவ்வாமை இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குப் பத்தாண்டில் அது மங்கிவிடுகிறது. அதனால் மருத்துவரிடம் ‘பென்சிலின் அலர்ஜி’ என்ற இரண்டு வார்த்தையோடு நிறுத்தாமல், என்ன மருந்து, ஊசி போட்டு எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது, மூச்சுத் திணறியதா என்று விவரமாகச் சொல்ல வேண்டும். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின் எல்லாம் இதே குடும்பம்தான். அவற்றால் தொல்லை வந்திருந்தாலும் சொல்ல வேண்டும்.

நிஜமாகவே அனாஃபிலாக்ஸிஸ் வந்துவிட்டால்? அப்போது காப்பாற்றும் மருந்து ஒன்றே: அட்ரினலின். பெரியவர்களுக்கு 1:1000 அடர்த்தியில் அரை மி.லி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் மறுபடியும். விலை மிகக் குறைவு, கிடைப்பது எளிது. இருந்தும் பதற்றத்தில் பலரின் கை முதலில் போவது அவில், டெக்ஸா போன்ற ஒவ்வாமை மருந்து ஆம்பூல்களை நோக்கி. அரிப்புக்கு அவை உதவலாம். மூடிக்கொண்டுவரும் மூச்சுக்குழாயையும் சரியும் ரத்த அழுத்தத்தையும் அவை அந்த நிமிடத்தில் நிறுத்தாது. நோயாளியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். கைத்தாங்கலாக எழுப்பி நடக்கவைப்பது உயிருக்கே ஆபத்து. ஊசி போடும் இடத்தில் அட்ரினலின் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள நோயாளிக்கு முழு உரிமை உண்டு. அதற்குக் கோபப்படும் இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

இதுவரை சொன்னது மருத்துவ உலகம் வெகுகாலமாக அறிந்தது. 2022 ஜனவரியில் அமெரிக்க இதயச் சங்கம் வெளியிட்ட அறிக்கை இந்தப் பேச்சையே திருப்பிப்போட்டது. ஊசி போட்டவுடன் இறந்ததாகப் பல நாடுகளிலிருந்து வந்த தகவல்களைப் பார்த்தபோது, பலரிடம் ஒவ்வாமையின் அடையாளங்களே இல்லை. தடிப்பில்லை, இளைப்பில்லை. ஆனால் அவர்களுக்கு வால்வு நோய் முற்றியிருந்தது. பயமும் வலியும் சேர்ந்து நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் திடீரென்று சரிவது நல்ல உடல்நிலையில் உள்ளவருக்கும் நேரும். கண் இருட்டிக் கீழே சாய்வார், இரண்டு நிமிடத்தில் எழுந்துகொள்வார். சுருங்கிப்போன வால்வோடு திணறும் இதயத்தால் அந்தச் சரிவைத் தாங்க முடியாது. இத்தகைய இறப்புகள்தான் ‘பென்சிலின் அலர்ஜி’ என்று தவறாகக் கணக்கில் ஏறியிருக்கக்கூடும் என்றது அறிக்கை.

இதிலிருந்து வரும் அறிவுரைகள் எளிமையானவை. மைட்ரல் வால்வு மிகவும் சுருங்கியவர்கள், பெருந்தமனி வால்வு கடுமையாகக் கெட்டவர்கள், இதயத்தின் இறைக்கும் வலு குறைந்தவர்கள், நாலடி நடந்தாலே மூச்சு வாங்குபவர்கள் ஆகியோருக்கு ஊசியைவிட மாத்திரையே பாதுகாப்பாக இருக்கலாம். இதை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர். நோயாளி தானாக ஊசியை நிறுத்திவிடக் கூடாது. மற்றவர்கள் வெறும் வயிற்றோடு போகக் கூடாது. ஊசிக்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீராவது குடித்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் கொஞ்சம் சாப்பிட்டிருக்க வேண்டும், படுத்தபடியே போட்டுக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். விடிகாலை பஸ் பிடித்து, ஓ.பி. சீட்டு வாங்கி, பச்சைத் தண்ணீர் படாத வயிற்றோடு வரிசையில் நின்று, நின்ற நிலையிலேயே இடுப்பில் குத்திக்கொண்டு கிளம்பும் பழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதற்கு வேண்டியது புதுக் கருவியல்ல. ஒரு கட்டிலும் கொஞ்சம் நேரமும். கூட்டம் நெரியும் அரசு மருத்துவமனையில் அவைதான் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போடுகிறவரின் கைப்பக்குவமும் இதில் நிறையவே உண்டு. மருந்தைக் கலக்கிவிட்டு ‘சிஸ்டர்’ வேறு வேலைக்குப் போனால் தூள் அடியில் படிந்து ஊசித் துளையை அடைத்துக்கொள்ளும். மறுபடி குத்த வேண்டிவரும். அதனால் கலக்கியவுடன் போட வேண்டும், கொஞ்சம் பெரிய துளையுள்ள ஊசியில். இடம், பின்பக்கத்தின் மேல்-வெளிப்புறக் கால்பகுதி. அங்கிருந்து உள்ளே தள்ளிப்போனால் காலுக்குப் போகும் பெரிய நரம்பில் பட்டுக் கால் மரத்துப்போகலாம். சின்னக் குழந்தைகளுக்குத் தொடையே நல்லது. குத்திய பிறகு பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது இந்த மருந்துக்குக் கட்டாயம். கரையாத துகள்கள் ரத்தக்குழாய்க்குள் போனால் மூச்சும் இதயமும் நின்றுவிடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டியே எச்சரித்திருக்கிறது.

இங்கேதான் பெயர்க் குழப்பம் உயிரைக் குடிக்கும். பென்சிலின் ஊசி என்றால் ஒன்றல்ல. எலிக்காய்ச்சல் முற்றியவருக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றுகிறார்களே, அது கிரிஸ்டலைன் பென்சிலின். தெளிவாகக் கரையும், ரத்தத்தில் ஏற்றலாம். பென்சத்தீனை ஒருபோதும் அப்படி ஏற்றக் கூடாது. புரோகெய்ன் பென்சிலின் என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. தவறி ரத்தத்தில் கலந்தால் நோயாளி செத்துவிடுவோம் என்று அலறுவார், இல்லாததைப் பார்ப்பார், சில நிமிடத்தில் தெளிந்துவிடுவார். குப்பியின் மேல் எழுதியிருப்பதை இன்னொருவரும் சேர்ந்து வாசிப்பது வீண் வேலையல்ல.

வலியைக் குறைக்கவும் வழியுண்டு. குளிர்ந்த மருந்தை அறை வெப்பத்துக்கு வரவிடுவது, துடைத்த ஸ்பிரிட் காய்ந்த பிறகு குத்துவது, குத்தும் இடத்தை முன்கூட்டியே பத்து விநாடி அழுத்திப் பிடிப்பது, இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் செலுத்துவது, ஒருமுறை இடது என்றால் மறுமுறை வலது. ஆஸ்திரேலியாவில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னையும் மருத்துவர் அனுமதியோடு சேர்க்கிறார்கள். அழும் குழந்தையை நாலு பேர் அமுக்கிப் பிடித்துப் போட்டால், அந்தக் குழந்தை பதினைந்து வயதில் ஊசிக்கே வராது.

மருந்து கடையில் இல்லாமல் போவதும் தேதி தவறக் காரணம். அவ்வளவு மலிவான மருந்தைத் தயாரிக்க நிறுவனங்களுக்கு ஆர்வமில்லை. மூலப்பொருளுக்குச் சில ஆலைகளையே உலகம் நம்பியிருக்கிறது. 2023இல் அமெரிக்காவிலேயே தட்டுப்பாடு வந்தது. புனே அருகே பிம்ப்ரியில் 1954இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உதவியோடு அரசே பென்சிலின் ஆலை கட்டிய நாடு இந்தியா. பின்னாளில் மலிவான சீன இறக்குமதியால் இங்கே பென்சிலின் மூலப்பொருள் உற்பத்தி படுத்துவிட்டது. 2024இல்தான் ஆந்திராவின் காக்கிநாடா பக்கம் ஒரு பெரிய ஆலை அந்த உற்பத்தியை மறுபடி தொடங்கியது. குப்பி கிடைக்காமல் தேதி தவறிவிட்டால் அடுத்த தேதிவரை காத்திருக்காமல், கிடைத்த அன்றே போட்டுக்கொண்டு அங்கிருந்து 21 நாளை எண்ண வேண்டும். விட்டதற்குச் சேர்த்து இரண்டாகப் போடுவது கூடாது.

அறிகுறியே இல்லாதபோது எதற்கு ஊசி என்ற கேள்விக்கு உகாண்டாவிலிருந்து பதில் வந்தது. எக்கோ பரிசோதனையில் மட்டும் தெரியும் ஆரம்பகட்ட வால்வுப் பாதிப்பு உள்ள 818 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஊசி போட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2 சதவீதம். தோலுக்கடியில் அதிக அளவில் செலுத்தி, ஊசிகளுக்கு இடையே பல வாரம் இடைவெளி விட முடியுமா என்று ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஆராய்ந்துவருகிறார்கள்.

ஊசியைத் தவறவிடாமல் இருப்பதில் பெண்கள் விஷயத்தில் தனிக் கவனம் தேவை. கல்யாணம் பேசும்போது ஊசிச் சீட்டை ஒளித்துவைத்து, புகுந்த வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று நிறுத்திவிடும் குடும்பங்கள் உண்டு. கர்ப்பத்தில் உடலின் ரத்த அளவு நாற்பது ஐம்பது சதவீதம் கூடுகிறது. சுருங்கிய வால்வுக்கு அதுதான் மிகக் கடினமான காலம். பென்சிலினோ, கர்ப்பிணிக்கும் வயிற்றுக் குழந்தைக்கும் தீங்கில்லாத மருந்துகளில் ஒன்று. பாலூட்டும்போதும் போடலாம். பேறுகாலச் சீட்டு போடும் முதல் நாளே வால்வு நோயையும் கடைசியாக ஊசி போட்ட தேதியையும் சொல்லிவிட்டால், அடுத்த ஊசியைப் பிரசவ மருத்துவமனையிலேயே போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்ய முடியும்.